கானகத்துத் திருநகர்



வரைபடத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத ஊர்கள் சில உண்டு. கதையாசிரியர்கள் தம் மனத்திலே எழுப்பிய ஊர்கள் அவை. அவற்றுள் ஒன்று பெரகம. லெனார்ட் உல்ஃப் என்னும் ஆங்கிலேயர் 1913-ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலில் அவ்வூர் வருகிறது. அந்நாவலின் பெயரைத் தமிழில் ‘காட்டுக்குள் ஒரு கிராமம்’ என்று சொல்லலாம். இலங்கைத் தீவின் தென்கோடிக் காட்டில் வாழும் ஏழை வேட்டைக்காரன் ஒருவன், சூனியத்தால் தன் உயிர் தேய்ந்து வருகிறது என்று அஞ்சுகிறான். தன் வீட்டாரோடு காட்டுவழியே நடந்து பெரகமத் தெய்வத்தின் சந்நிதியை அடைகிறான். நாடெங்குமிருந்து வந்த மக்கள் அங்கே ஆற்றில் நீராடுகிறார்கள். உருண்டும் புரண்டும் வழிபடுகிறார்கள். திருவிழா முடிந்ததும் கூட்டம் கலைகிறது. ஊரை மீண்டும் காடு சூழ்ந்துகொள்கிறது.

பெயர்தான் கற்பனை. உல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டை மாவட்டத்தில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். அம்மாவட்டத்தின் வழியே ஆண்டுதோறும் நடந்து சென்ற யாத்திரிகர்களின் சுகாதாரத்தையும் ஒழுங்கையும் மேற்பார்வை செய்வது அவருடைய அலுவல்களுள் ஒன்று. அவர்கள் போன ஊர் கதிர்காமம். அதுவே நாவலில் பெரகமவாக உருமாறியது. தமிழர் கதிர்காமம் என்பதைச் சிங்களர் கதரகம என்பர்.

இந்தக் கதிர்காமத்தைப் பற்றியே இன்று உங்களோடு சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பெரிய துறைமுகமோ, தலைநகரோ, வயல்வளம் கொழிக்கும் நாடோ அருகில் இல்லாத ஒரு காட்டூர், எவ்வாறு ஒரு தீவில் வாழும் பல இன மக்களுக்கும் சமய நடுவிடமாயிற்று? அந்த நிலை எதனால் நிலைபெற்றது? எதனால் கெடக்கூடும்? இவையே என் வினாக்கள்.

முதலில் ஊரின் இருப்பைக் காண்போம். இலங்கையின் தென்கிழக்கில், ஊவா மாகாணத்தைச் சேர்ந்த மொனராகலை மாவட்டத்தில் கதிர்காமம் அமைந்திருக்கிறது. தென்கரையை ஒட்டிய திஸ்ஸமகாராமை என்னும் பழம்பதியிலிருந்து அது சுமார் 20 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. மழை குறைந்த வறண்ட வலயம் அது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மட்டுமே நிலம் நன்றாக நனையும். திருவிழா நடைபெறும் ஆடி மாதத்திலோ புல் பழுத்துக் கிடக்கும். குளங்கள் வற்றிப் போகும். அக்காலத்தில் யாத்திரிகனுக்கு ஆறுதல் தருவது மாணிக்க கங்கை. இரு கரைகளிலும் பெரிய மருத மரங்கள் நிழல் பரப்ப, அவ்வாறு கோயிலை ஒட்டி ஓடுகிறது. கிழக்கிலும் தெற்கிலும் யானையும் சிறுத்தையும் கரடியும் உலவும் யால வனம் விரிந்து கிடக்கிறது. 1938-ஆம் ஆண்டில் தேசிய வனமாக அது அறிவிக்கப்பட்டது. ஊருக்கு அண்மையில் கதிரைமலை நிற்கிறது. முருகன் முதலில் அம்மலையுச்சியில் உறைந்தான் என்றும், பின்னரே ஆற்றங்கரைக்கு இறங்கி வந்தான் என்றும் மக்கள் நம்புகின்றனர்.

ஊரின் பழமைக்கு மகாவம்சமே சான்று பகர்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் வெள்ளரசு மரக்கிளை நாட்டப்பட்ட விழாவுக்கு வந்திருந்தோருள் கஜரகாமத்துச் சத்திரியர்களும் இருந்தனர் என்றும், அம்மரத்திலிருந்து தோன்றிய கன்றுகளுள் ஒன்று கஜரகாமத்தில் நடப்பட்டது என்றும் அந்நூல் கூறுகிறது. கோயிலுக்கு அப்பால் நேர்பாதையின் முடிவில் வெண்ணிறத்தோடு விளங்கும் கிரிவிகாரை என்னும் பௌத்தத் தூபியும் மிகப் பழையதே. தமிழ் மரபிலும் இவ்வூருக்குச் சிறப்பிடம் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர் கதிர்காமத்தைத் திருப்புகழில் பாடியிருக்கிறார். கந்தபுராணம் கூறும் ஏமகூடம் இத்தலமே என்று ஈழத்துச் சைவர் கொள்வர். சர் பொன்னம்பலம் அருணாசலம் முருக வழிபாட்டைப் பற்றி எழுதி 1924-இல் வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் இக்கதிர்காமக் கடவுளையே நடுநாயகமாகக் கொண்டது.

இத்தகைய புகழ் பெற்ற தலத்தில் விண்ணைத் தொடும் கோபுரமும் ஆயிரங்கால் மண்டபமும் இருக்கும் என்று எதிர்பார்த்துச் செல்பவர் வியப்படைவார். மகா தேவாலயம் எனப்படும் மூலக்கோயில் ஒரு சிறிய கட்டடமே. கோபுரம் இல்லை, கல்லில் கடைந்த சிற்பக் கோலாகலமும் இல்லை. உள்ளே சென்றால் எதிரே ஒரு திரை தொங்குகிறது. மயில்மீது வள்ளி தெய்வயானையரோடு அமர்ந்த முருகனின் உருவம் அத்திரையில் தீட்டப்பட்டிருக்கிறது. அடியார்கள் கைகூப்புவது அத்திரையின் முன்னேதான். திரைக்கு அப்பால் இருப்பது சிலையன்று. பேழைக்குள் வைத்த ஓர் இயந்திரத் தகடு என்பர். அதனைப் பொதுமக்கள் எவரும் காண்பதில்லை. பூசை செய்பவர் பிராமணரல்லர். வழிவழியாக அவ்வுரிமை பெற்ற கப்புறாளைமார். வெண்துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, மந்திரம் ஓதாமல், மௌனமாகவே அவர்கள் பூசை செய்கின்றனர். வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிலும், கிழக்கே மட்டக்களப்பைச் சேர்ந்த மண்டூரிலும் வாய்கட்டிப் பூசை செய்யும் வழக்கம் இருப்பதையும், அவ்விரு தலங்களையும் மக்கள் ‘சின்னக் கதிர்காமம்’ என்று அழைப்பதையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

உருவமும் இல்லை, ஓதும் மொழியும் இல்லை. இவ்விரண்டு இன்மைகளையும் நாம் கருத்திற் கொள்ளவேண்டும். கதிர்காமத்தின் வரலாற்றைத் திறக்கும் சாவி இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. உருவம் ஒன்று இருந்தால், அது யாருடைய ஆகமப்படி அமைந்தது என்ற கேள்வி எழும். மந்திரம் ஓதப்பட்டால், எம்மொழியில் ஓதுவது என்ற கேள்வி எழும். திரையும் மௌனமும் இவ்விரு கேள்விகளுக்கும் இடம் வையாமல் நிற்கின்றன. அதனால் அதன்முன் வந்து நிற்கும் ஒவ்வொருவரும் தத்தம் தெய்வத்தைத் திரைக்குப் பின்னால் காண முடிகிறது.

அவ்வாறு காண்பவர் யாவர்? தமிழருக்கு அவன் முருகன். தினைப்புனம் காத்த வள்ளியை அவன் கண்டு மணந்த இடம் அண்மையிலுள்ள செல்லக்கதிர்காமம் என்று அவர்கள் காட்டுவர். தமிழகத்தில் வள்ளிமலை என்னும் தலமும் அப்பெருமையைக் கோருவது நாம் அறிந்ததே. பக்தி உள்ளத்திற்கு இரண்டும் உண்மையே. சிங்கள பௌத்தருக்கு அவன் கதரகம தெய்யோ; தீவைக் காக்கும் தெய்வங்களுள் ஒருவன். அவ்விடத்தை ஆண்ட மகாசேனன் என்னும் அரசன் புத்தர்பிரானிடம் நேரே அறவுரை கேட்டுப் பின்னர்த் தெய்வநிலை எய்தினான் என்பதும் அவர்களிடையே வழங்கும் வரலாறு. முஸ்லிம்களுக்கு அது, சாகா வரம் தரும் நீரை அருந்தியவராகக் கருதப்படும் கிழ்று நபியோடு தொடர்புடைய தலம். கோயில் வளாகத்துக்குள்ளேயே பள்ளிவாசல் ஒன்று நிற்கிறது. பாலை மட்டும் அருந்தி வாழ்ந்தார் என்று சொல்லப்படும் பால்குடி பாவாவின் அடக்கமும் அங்குண்டு. திருவிழாக் காலத்தில் அப்பள்ளிவாசலிலும் கொடி ஏறுகிறது. இவர்கள் அனைவருக்கும் முன்னரே அக்காட்டில் திரிந்த வேடர்களோ, வள்ளி தம் குலத்துப் பெண் என்பதால் தெய்வத்தையே மருமகனாகக் கொண்டவர்கள். கப்புறாளைமாரும் தம் மரபை வேடர் வழியோடு இணைத்தே கூறுவர்.

உரிமை பலருடையதாக இருக்கும் இடத்தில் கதைகளும் பலவாகும். அவற்றுள் இரண்டை மட்டும் கூறுகிறேன்.

மலையுச்சியில் இருந்த தெய்வம் ஆற்றின் மறுகரைக்குப் போக விரும்பியதாம். கடற்கரைக்கு உப்பு அள்ளச் சென்ற தமிழரைக் கண்டு, தன்னைத் தூக்கிச் செல்லும்படி கேட்டது. அவர்கள், “உப்பு அள்ளிக்கொண்டு திரும்பும்போது வருகிறோம்” என்று சொல்லிப் போய்விட்டார்கள். பின்னர் வந்த சிங்களரைக் கேட்டது. அவர்கள் உடனே தூக்கிச் சென்றார்கள். கோயில் சிங்களர் பொறுப்பில் இருப்பதற்குக் காரணம் இதுவே என்று அப்பகுதியில் ஒரு கதை வழங்குகிறது. கதையை உற்றுப் பாருங்கள். தெய்வம் முதலில் யாரிடம் பேசியது என்பதை அது மறைக்கவில்லை. இன்று யார் கையில் இருக்கிறது என்பதையும் மறுக்கவில்லை. ஒரே சொற்களால் இரு தரப்பாருடைய மனத்தையும் அமைதிப்படுத்தும் கதை அது.

மற்றொன்று கல்யாணகிரி சுவாமியைப் பற்றியது. வடநாட்டுத் துறவியாகிய அவர் முருகனை மீண்டும் பாரதத்துக்கே அழைத்துச் செல்லும் நோக்கத்தோடு கதிர்காமம் வந்து, பன்னிரண்டு ஆண்டுகள் தவம் இருந்தாராம். வேடச் சிறுமி ஒருத்தி அவருக்குப் பணிவிடை செய்துவந்தாள். தவம் முடியும் தறுவாயில் அவள் தன் உண்மை உருவத்தைக் காட்டினாள். வள்ளியம்மையே அவள். தன் கணவனைப் பிரித்துக் கொண்டுபோகாமல் மாங்கல்யப் பிச்சை தரவேண்டும் என்று துறவியிடம் அவள் வேண்டினாள். துறவி நெகிழ்ந்தார், அழைத்துப்போக வந்தவர் அங்கேயே அடியவராகத் தங்கிவிட்டார். பேழையிலுள்ள இயந்திரத்தை அமைத்தவர் அவரே என்பதும் இம்மரபின் கூற்று. பெரிய நாட்டுப் பெருந்தவசியும் காட்டுப் பெண்ணின் வேண்டுகோளுக்கு இணங்கவேண்டியதாயிற்று என்பதே இதன் சாரம்.

திருவிழாவும் இதே பொருளைத்தான் காட்டுகிறது. ஆடி மாதத் திருவிழாவில் ஒவ்வோர் இரவும், பேழை யானைமீது ஏற்றப்பட்டு மகா தேவாலயத்திலிருந்து புறப்படுகிறது. அது போவது நேர் எதிரே வீதியின் கோடியிலுள்ள வள்ளியம்மன் கோயிலுக்கு. முறைப்படி மணந்த தேவர்மகள் தெய்வயானைக்கு அருகிலேயே கோயில் இருந்தும், ஊர்வலம் நாடிச் செல்வது வேடர்குலப் பெண்ணின் வாயிலையே. ஆலாத்தி அம்மாமார் எனப்படும் பெண்கள் விளக்கேந்தி வணங்கி நிற்பர். காவடியும் தீமிதிப்பும் நேர்த்திக்கடன்களும் இடையே நிகழும். பௌர்ணமியை ஒட்டி மாணிக்க கங்கையில் நடைபெறும் தீர்த்தத்தோடு விழா நிறைவு பெறும். ஒரு தெய்வம் ஆண்டுதோறும் தன் பெருங்கோயிலை விட்டிறங்கிக் காட்டுக் குடிமகளைத் தேடிப் போவதைக் காணவே லட்சக்கணக்கான மக்கள் கூடுகிறார்கள்.

தலத்தின் பெருமையில் பாதி அதை அடையும் வழியில் இருக்கிறது. வடக்கே யாழ்ப்பாணக் குடாநாட்டின் செல்வச் சந்நிதியிலிருந்து தொடங்கி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாகவே இறங்கி வருகிறது பாதயாத்திரைப் பாதை. வாரக்கணக்காக நடப்பர். உகந்தை முருகன் கோயிலோடு ஊர்கள் முடிகின்றன. அதற்குமேல் கூமுனை வழியாகவும் கும்புக்கன் ஆற்றைக் கடந்தும் போவது முற்றும் காடு. அரிசியும் பருப்பும் மாவும் தலைச்சுமையாக எடுத்துக்கொண்டு, ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்து, இரவில் நெருப்பைச் சுற்றிப் படுத்து, நான்கைந்து நாட்களில் அதைக் கடக்கவேண்டும். அவ்வழியில் ஒருவரையொருவர் ‘சாமி’ என்றே அழைப்பர். செல்வரும் வறியவரும், எந்த ஊர், எந்தக் குலம் என்ற பேச்சின்றி ஒரே பானையில் உண்பர். தமிழன் ‘அரோகரா’ என்றால் சிங்களவனும் ‘ஹரோ ஹரா’ என்கிறான். காடு அங்கே வெறும் இடமாக இல்லை; மனிதன் தான் சுமந்துவந்த பெருமைகளை ஒவ்வொன்றாக இறக்கிவைக்கும் சுங்கச்சாவடியாக இருக்கிறது.

அதிகாரம் செலுத்துவோர் இத்தகைய இடத்தை எளிதில் நம்புவதில்லை. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ், 1681-இல் வெளியிட்ட தம் நூலில், இத்தெய்வத்தின் பெயருக்கே நாட்டு மக்கள் நடுங்கியதைக் குறித்திருக்கிறார். ஆங்கிலேயருக்கு எதிராக 1817, 1818-ஆம் ஆண்டுகளில் மூண்ட ஊவாக் கிளர்ச்சியில், அரசுரிமை கோரி எழுந்தவன் கதிர்காமத் தெய்வத்தின் அருள் பெற்றவனாகவே மக்கள்முன் வந்தான். பின்னர் வாந்திபேதி பரவும் என்ற அச்சமும் சேர்ந்துகொள்ளவே, யாத்திரையை ஆட்சியாளர் கட்டுப்பாட்டுக்குள் வைத்தனர். இந்தச் சூழலில்தான் உல்ஃப் அங்கே போனார்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தார்ச்சாலையும் பேருந்தும் கதிர்காமத்தை எட்டின. நோயாளியும் முதியவரும் குழந்தையும் இடரின்றி வந்து வணங்க முடிந்தது. அது நன்மையே, மறுப்பதற்கில்லை. ஆனால் காட்டின் வழியே குறைந்த எண்ணிக்கையில் வந்த இடத்தில், சாலை வழியே பல்லாயிரவர் வந்தபோது ஊரின் இயல்பும் மாறியது. வந்தவருள் சிங்கள பௌத்தரே பெரும்பான்மையினராயினர். பௌத்த விகாரைகள், தேவாலயங்களின் சொத்துக்களைப் பற்றிய 1931-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மகா தேவாலயம் நிருவகிக்கப்படுகிறது. பஸ்நாயக்க நிலமே என்னும் அதிகாரி அதன் தலைமைப் பொறுப்பை வகிக்கிறார். மலையகத் தோட்டங்களிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் தமிழ் அடியார்கள், தம் முன்னோரின் மொழி அத்தலத்தில் மெல்ல ஒதுங்கி வருவதாக வருந்தியதுண்டு. அவ்வருத்தத்தில் பொருள் இல்லாமல் இல்லை.

1983-க்குப் பின்னர் நிலை இன்னும் கடுமையாயிற்று. உள்நாட்டுப் போர் மூண்டு, கிழக்குக் கரைப் பாதை போர்முனையின் குறுக்கே கிடந்தது. செல்வச் சந்நிதியிலிருந்து வரும் நெடும்பயணம் நின்றுபோயிற்று. ஆயினும் கிழக்கிலங்கை அடியார்கள் சிறுசிறு கூட்டமாக மீண்டும் நடக்கத் தொடங்கினர். 2009-இல் போர் முடிந்தபின் வடக்கிலிருந்தும் பாதை திறந்தது. இன்று திருவிழாக் காலத்தில், குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும் வனப்பாதையை அதிகாரிகள் திறந்துவிடுகின்றனர். ஆயிரக்கணக்கானோர் அவ்வழியே நடக்கின்றனர். இதிலும் ஒரு கவலை இருக்கிறது. அவர்கள் விட்டுச்செல்லும் நெகிழிப் பைகளும் குப்பையும் வனவிலங்குகளுக்குத் தீங்காகின்றன. தெய்வத்தை நாடி நடப்பவன், அத்தெய்வம் உறையும் காட்டையே கெடுத்துவிட்டால், அவன் நடையினால் பயன் என்ன?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாக்களுக்கு வருகிறேன். கதிர்காமம் பல இனங்களுக்கும் நடுவிடமாயிருப்பது, அங்கே எல்லோரும் ஒரே கருத்துடையவராக இருப்பதனால் நேர்ந்ததன்று. துட்டகைமுனு அரசன் தமிழ் மன்னன் எல்லாளனை வெல்வதற்காக இத்தெய்வத்திடமே நேர்ந்துகொண்டான் என்பது சிங்களரிடையே வழங்கும் செவிவழிச் செய்தி. அவ்வாறு நம்புகிறவனும், அத்தெய்வத்தையே தமிழ்க்கடவுள் என்று போற்றுகிறவனும் ஒரே ஆற்றில் முழுகி, ஒரே கல்லில் தேங்காய் உடைக்கிறார்கள். அவர்களுடைய கதைகள் ஒத்துப்போகவில்லை. கால்கள் மட்டும் ஒரே வாயிலில் வந்து சேர்கின்றன. இதற்கு இடங்கொடுத்தவை மூன்று: எவரும் விலக்கிப் பாராத திரை, எம்மொழியும் பேசாத பூசை, எவருக்கும் உரிமையாகாத காடு.

இம்மூன்றும் இருக்கும்வரை கதிர்காமம் கதிர்காமமாக இருக்கும். இம்மூன்றில் ஒன்றைக் கைப்பற்றி, “இது எங்களுக்கு மட்டுமே உரியது” என்று எவரேனும் பலகை நாட்டுவாராயின், கட்டடங்கள் முன்னிலும் பெரியனவாக எழலாம். விளக்குகள் முன்னிலும் ஒளி வீசலாம். ஆனால் அது பல கோயில்களுள் ஒரு கோயிலாகிவிடும். சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் வேடரும் தம் சண்டைகளை முடித்துவிட்டு அங்கே வருவதில்லை. அவற்றை முடிக்காமலே வருகிறார்கள். முடியாத வழக்கு உடையவர்களும் கூடி நிற்பதற்கு ஓர் இடம் நாட்டுக்கு வேண்டும். இலங்கைத் தீவுக்கு வாய்த்த அவ்விடம் மாணிக்க கங்கைக் கரையில் இருக்கிறது. அதன் திரையை அப்படியே விட்டுவைப்பதும், அதற்குச் செல்லும் காட்டைத் தூய்மையாகக் காப்பதும், அங்கே கைகூப்பும் ஒவ்வொருவருக்கும் உரிய கடன் என்று கூறி அமைகிறேன்.